குளிரில் வெந்த டிவி: மர அலமாரிக்குக் காற்று வழி அமைத்த அனுபவம்

மூன்று வாரங்களாக எங்கள் டிவி அலமாரிக்குள் தொங்கும் வெப்பமானி 28 டிகிரியைத் தாண்டவில்லை. ஆகஸ்டில் அதே இடத்தில் அது 47 காட்டியது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் நாலாயிரம் ரூபாய் செலவாகியிருக்கிறது; ஆசாரியின் முணுமுணுப்பையும் நிறையக் கேட்டாகிவிட்டது. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிய அளவுகள் மங்குவதற்கு முன்னால், எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு குன்னூரில், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய கருங்கல் சுவர் வீடு. கூடத்தில் கணப்பு ஒன்று உண்டு. அதற்கு வலப்பக்கம் சுவர் 35 சென்டிமீட்டர் உள்வாங்கியிருக்கும். 2021-இல் 43 அங்குல எல்.இ.டி. டிவி வாங்கியபோது, அந்த இடத்துக்கென்றே அளவெடுத்து, சில்வர் ஓக் மரத்தில் ஐந்தடி உயர அலமாரி ஒன்றைச் செய்யச் சொன்னேன். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் மரம் என்பதால் சில்வர் ஓக் எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும். மேல் அறையில் டிவி, கீழே முன்பக்கம் திறந்த தட்டு, டிவி அறைக்கு மட்டும் இரண்டு மடிப்புக் கதவுகள். அழகுக்காக மட்டும் கதவு வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் இது. பீரோவில் துணி பூக்கும், செருப்பு பூக்கும், புத்தக அட்டையும் பூக்கும். பெட்டிக்குள் வைத்து மூடினால் டிவிக்கு ஈரம் ஏறாது என்று நம்பினேன். போதாததற்கு, துணி பீரோவில் செய்வதைப் போலவே ஓரத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டி இரவும் பகலும் எரியவிட்டேன்.

தட்டையான டிவிகள் வந்த பிறகும் நாம் தொலைக்காட்சிப் பெட்டி என்றுதான் சொல்கிறோம். பெட்டி போய்விட்ட ஒரு பொருளை நான் காசு கொடுத்து மறுபடியும் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். சாலிடேர், டயனோரா காலத்து ஷட்டர் டிவிகளும் மரப்பெட்டிக்குள்தான் இருந்தன என்று யாராவது சொல்லலாம். அவற்றின் முதுகு அட்டையில் மேலும் கீழும் வரிசை வரிசையாகத் துளை இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

முதல் அறிகுறி திரையில் தோன்றிய வெள்ளை வட்டங்கள். எட்டணா அளவில் மேல் வரிசையில் ஒன்று வந்தது, இரண்டு மாதம் கழித்துப் பக்கத்தில் இன்னொன்று வந்தது. படம் ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம், இரவுச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் மட்டும் போய்விட்டது. குரல் வந்துகொண்டே இருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். கிணற்றுக்குள் தெரிவதைப் போல, செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக அசைந்தது. திரை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிதான் செத்துவிட்டது என்பதை அறிய இதைவிட எளிய சோதனை கிடையாது.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளனாக இருந்தவன். ஆனாலும் டிவியின் பின்மூடியை நான் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். தவிர, பின்னொளியை அடைய கண்ணாடிப் பேனலைத் தனியாகத் தூக்கி வைக்க வேண்டும், ஒருவராகத் தூக்கினால் அது விரிசல் விட்டுவிடும். பழுது பார்க்கும் இளைஞரை வரவழைத்து, கட்டிலில் போர்வை விரித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பேனலையும் அதன் கீழிருந்த தாள்களையும் எடுத்ததும் உலோகத் தட்டில் குறுக்காக ஒட்டிய எல்.இ.டி. பட்டைகள் தெரிந்தன. ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒளியைப் பரப்புவதற்கு ஒரு சிறு பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டப்பட்டிருக்கும். மேல் பட்டையில் இரண்டு லென்ஸ்கள் கழன்று தட்டின் அடியில் உருண்டு கிடந்தன. அவை இருந்த இடத்தில் பசை கருப்பட்டி நிறத்தில் பொருக்காகக் காய்ந்திருந்தது. நான் பார்த்த வெள்ளை வட்டங்கள் அந்த இரண்டு மொட்டை விளக்குகள்தான். சுற்றியிருந்த வெள்ளைத் தாள் மேல் வரிசையில் பழுப்பேறியும், கீழே வரவர வெளுத்தும் இருந்தது. விளக்குகள் எல்லாம் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் அணைந்துவிடும். அறுந்ததும் மேல் பட்டையில்தான்.

அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “சார், இது குன்னூரு டிவியா, மதுரை டிவியா? எங்க வெச்சிருந்தீங்க?” அலமாரியைக் காட்டினேன். அவர் கையை உள்ளே விட்டு மேல் பலகையைத் தொட்டார். டிவியை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தும் பல்பு எரிந்துகொண்டிருந்ததால் பலகை வெதுவெதுப்பாகவே இருந்தது. “இந்தக் குளிர்ல எதுக்கு சார் சூடாகப்போகுதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பழைய பட்டையும் புதிய பட்டையும் ஒரே அளவு வெளிச்சம் தராது என்பதால் எல்லாப் பட்டைகளையும் மாற்றினார். பட்டைகளுக்கு 1,850 ரூபாய், கூலி 1,200 ரூபாய். இந்த 3,050 ரூபாயை நான் கீழே சொல்லும் செலவில் சேர்க்கவில்லை.

அதன்பிறகுதான் கையேட்டை எடுத்துப் படித்தேன். டிவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், சுற்றியுள்ள காற்று 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. என் அலமாரியின் டிவி அறை 102 சென்டிமீட்டர் அகலம், 65 உயரம், 30 ஆழம். டிவியின் அகலம் 97, கால்களோடு உயரம் 62. பக்கத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர், தலைக்கு மேல் மூன்று. முதுகுப்புறம் நான்கு நூல், அதாவது அரை அங்குல, பிளைவுட். அதில் ஒயர் போக ஒரே ஒரு துளை.

கம்பி நுனியுள்ள டிஜிட்டல் வெப்பமானிகள் இரண்டு வாங்கினேன். ஒன்று 220 ரூபாய். ஒன்றின் நுனியை டிவிக்குப் பின்னால், மேல் பலகையிலிருந்து ஓரங்குலம் கீழே, எதையும் தொடாமல் தொங்கவிட்டேன். மற்றொன்று கூடத்தில், சன்னலுக்கு எட்டத்தில். கதவுகளைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் டிவி ஓடிய பிறகு அறையில் 19, உள்ளே 47. முதல் சில நாட்கள் உள்ளே இருக்கும் எண்ணை மட்டும் எழுதினேன், அது தவறு. மலையில் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் அறை வெப்பமே ஐந்து டிகிரி மாறும். குளிரான மாலையில் அளந்துவிட்டு ஏதோ சாதித்ததாக மகிழ்ந்துபோனேன். பிறகு அறைக்கும் அலமாரிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் வைத்தேன். அந்தக் கணக்குப்படி தொடக்கம் 28.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. டிவியை அணைத்தவுடன் கதவை மூடிவிடுவது எங்கள் வழக்கம். மூடிய பத்து நிமிடத்தில் வெப்பமானி இறங்குவதற்குப் பதிலாக மேலும் மூன்று டிகிரி ஏறியது. டிவியின் உடலுக்குள் தங்கிய சூடு வெளியே வருகிறது. அது போவதற்கு இருந்த ஒரே வாசலை நாங்களே சாத்துகிறோம்.

முதலில் பல்பைக் கழற்றினேன். பெயர்தான் ஜீரோ வாட்ஸ். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் 14 வாட் காட்டியது. டிவி 86, செட்டாப் பாக்ஸ் 11, ஸ்டெபிலைசர் 6 என்று மொத்தம் 117 வாட் அந்தக் கூட்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது. பல்பு போனதும் வித்தியாசம் 28-லிருந்து 24-க்கு இறங்கியது. காசில்லாமல் கிடைத்த நான்கு டிகிரி.

அடுத்துச் செய்தது முட்டாள்தனம். வட்டத் துளை அறுக்கும் 50 மில்லிமீட்டர் ஹோல் சா ஒன்றை 280 ரூபாய்க்கு வாங்கி, அலமாரியைப் பாதி இழுத்து, முதுகுப் பிளைவுட்டில் மேலே ஆறு, கீழே ஆறு என்று பன்னிரண்டு துளைகள் போட்டேன். ஒரு துளைக்கு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர், பன்னிரண்டுக்கும் சேர்த்து 236. தாராளமான அளவு என்று எண்ணி அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தேன். வித்தியாசம் 22. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே டிகிரி.

காரணத்தைக் காட்டியது ஊதுபத்தி. ஒன்றைக் கொளுத்தி ஒயர்த் துளைக்கு அருகில் பிடித்தேன். புகை மேலே போகும், கீழே போகும், எங்காவது போகும் என்று பார்த்தால், டிவிக்குப் பின்னால் சும்மா சுருண்டு நின்றது. முதுகுக்கும் கருங்கல் சுவருக்கும் இடையில் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து. அந்தச் சந்தின் இரு ஓரங்களையும் மேல்பக்கத்தையும் ஆசாரி அழகாகப் பீடிங் எனும் மெல்லிய மரச்சட்டம் அடித்து மூடியிருந்தார். பன்னிரண்டு துளைகளும் ஒரு மூடிய பெட்டியிலிருந்து இன்னொரு மூடிய பெட்டிக்குத்தான் திறந்தன. தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டிகளின் விசிறிகளைப் பல வருடம் பராமரித்தவன் நான். காற்று வெளியேற வழியில்லாத தொட்டியில் எவ்வளவு பெரிய விசிறி ஓடினாலும் இலை வாடாமல் அவிந்துபோகும் என்பதைப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

அப்போதாவது நின்று யோசித்திருக்கலாம். விசிறி வைத்தால் தீர்ந்தது என்று நினைத்து, கோயம்புத்தூர் காந்திபுரம் போன உறவினரிடம் சொல்லி 80 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கிவரச் செய்தேன். அதை மேல் வரிசைத் துளை ஒன்றை அகலப்படுத்தி, குளிர்ந்த காற்று உள்ளே வரட்டும் என்று உள்நோக்கி வீசும்படி பொருத்தினேன். பலன் சுத்தமாக இல்லை. ஒரு நாள் அரை டிகிரி கூடவும் செய்தது. சூடான காற்று தானாக ஏறி நிற்கும் உச்சியில் அதற்கு எதிராக ஊதினால் அது கலங்கும், வெளியேறாது. திருப்பி மாட்டியதும் வித்தியாசம் 19 ஆனது. ஆனால் 12 வோல்ட்டில் அந்தச் சின்ன விசிறி போட்ட சத்தம் பிளைவுட்டில் ஏறி, தம்புரா மீட்டுவதைப் போல ரீங்காரம் செய்தது. என் மனைவி இரண்டாம் நாளே பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

இதற்கு நடுவே, டிவியைக் கணப்புக்கு மேலே சுவரிலேயே மாட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். சுற்றுலா விடுதிகளில் அப்படி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டும் முன், கணப்பை மூட்டி ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சுவரருகே வெப்பமானியைத் தொங்கவிட்டேன்: 52. கணப்பை இனி மூட்டவே மாட்டோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அந்த இடம் சரி.

செப்டம்பர் கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு முறையாகத் தொடங்கினேன். அலமாரியை முழுதாக வெளியே இழுத்தபோதுதான் முதுகைப் பார்த்தோம். பிளைவுட்டின் கீழ்ப்பாதியில், சுவரைப் பார்த்த பக்கம், ஒரு தாம்பாளம் அளவுக்குக் கரும்பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மேல் அடுக்கு ஈரத் தாளைப் போல உரிந்து வந்தது. எங்களுடைய அந்தச் சுவர் வெளிச்சுவர், மழைக்காலத்தில் எப்போதும் ஜில்லென்று இருக்கும். உள்ளே சூடு, வெளியே குளிர்ந்த கல், நடுவில் நகராத காற்று. டிவியை ஈரத்திலிருந்து காப்பாற்ற நான் செய்த பெட்டி, தன் முதுகில் ஈரத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. உரிந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைத்தோம். மிச்சத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்து இரண்டு நாள் காயவிட்டோம்.

பிறகு செய்தவை வருமாறு. சுவரில் செங்குத்தாக இரண்டு ரீப்பர் சட்டங்களை அடித்து, அலமாரி எப்போதும் சுவரிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளியே நிற்கும்படி ஆக்கினோம். இதனால் அது கொஞ்சம் முன்னால் துருத்துகிறது, பரவாயில்லை. பக்கப் பீடிங்கையும் மேல் பீடிங்கையும் கழற்றினோம். டிவி அறையின் தரைப் பலகையில், பின் ஓரத்தில், 60 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வெட்டு ஒன்றை ஜிக்சாவால் அறுத்தோம். கீழ்த் தட்டு முன்பக்கம் திறந்தது என்பதால் குளிர்ந்த காற்று அதன் வழியாக ஏறும். அதே அளவு வெட்டு ஒன்றை மேல் பலகையிலும், முன்னாலுள்ள நெற்றிப் பலகைக்குப் பின்னால் கண்ணில் படாதவாறு அறுத்தோம். “நல்ல மரத்த இப்படிக் கிழிக்கறீங்களே சார்,” என்று ஆசாரி அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார். என் பழைய துளைகளில் கீழ் ஆறையும் அப்படியே விட்டு, மேல் ஆறையும் உள்பக்கமாகப் பிளைவுட் துண்டு வைத்து அடைத்தேன். செட்டாப் பாக்ஸ் கீழ்த் தட்டின் இடது ஓரத்துக்குப் போனது. ஸ்டெபிலைசருக்கு அங்கே வேலையே இல்லை. டிவியின் பின்பக்கத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை ஓடும் என்று போட்டிருந்ததை மூன்று வருடமாக நான் படிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு இடி மின்னலுக்காக ஒரு சர்ஜ் கார்டு மட்டும் வைத்தேன்.

விசிறி இல்லாமலே வித்தியாசம் 16-க்கு வந்தது. அன்றிரவு ஊதுபத்திப் புகை தரை வெட்டில் நுழைந்து, டிவியின் முதுகை ஒட்டி நூல் பிடித்தாற்போல் ஏறி, மேல் வெட்டில் வெளியேறியதைப் பார்க்க என் பேத்தியையும் கூப்பிட்டேன்.

எலிக்குப் பயந்து வெட்டுகளை மூட வேண்டியிருந்தது. கையிலிருந்த கொசுவலையை அடித்தேன். உடனே இரண்டு டிகிரி ஏறியது. நெருக்கமான கண்ணுள்ள வலை, ஓட்டையைப் பாதியாக்கிவிடுகிறது. தூசி படிந்தால் மீதியும் போய்விடும். அதைப் பிய்த்துவிட்டு, சுண்டெலி புகாத அளவு கண்ணுள்ள கம்பிவலையை அடித்ததும் 16-க்குத் திரும்பியது.

வேறு ஊராக இருந்தால் இதோடு நின்றிருப்பேன். இங்கே காற்று, கடல் மட்டத்துக் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்க முயன்ற யாருக்கும் இந்த மெலிவு தெரியும். அதே கன அளவுக் காற்று போனாலும் அது சுமந்துபோகும் சூடு குறைவு. எனவே 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை, நல்ல பேரிங் உள்ளதாகப் பார்த்து, 450 ரூபாய்க்கு வாங்கினேன். மேல் வெட்டுக்குப் பக்கத்திலேயே வட்டத் துளை போட்டு அதை வைத்தபோது மறுபடியும் ஒரு தவறு: வித்தியாசம் 15 மட்டுமே ஆனது. ஊதுபத்தியை வைத்துப் பார்த்தால், விசிறி மேலே தள்ளிய காற்றின் இடத்துக்கு, ஒரு சாண் தள்ளியிருந்த வெட்டின் வழியாகவே வெளிக்காற்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கீழிருந்து எதுவும் வரவில்லை. வட்டத் துளையை அடைத்துவிட்டு, மேல் வெட்டு முழுவதையும் மூடும்படி பிளைவுட்டில் ஒரு கூடு செய்து கவிழ்த்து, விசிறியைக் கூட்டின் தலையில் மேல்நோக்கிப் பொருத்தினேன். விசிறிக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்ததில் ரீங்காரம் அடங்கியது. வித்தியாசம் 12.

விசிறிக்கு மின்சாரம் தருவதிலும் இரண்டு முயற்சிகள். டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து 5 வோல்ட் எடுத்தால், டிவி அணையும்போது விசிறியும் அணைந்துவிடுகிறது. சூடு ஏறுவதோ அப்போதுதான். மேலும், 12 வோல்ட் விசிறி 5 வோல்ட்டில் குளிரான காலையில் சுற்றத் தொடங்கவே இல்லை, விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தது. இறுதியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் 250 ரூபாய்க்கும், டபிள்யூ 1209 என்ற வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை 140 ரூபாய்க்கும், மின்னழுத்தத்தைக் குறைக்கும் எல்.எம். 2596 பலகை 80 ரூபாய்க்கும் வாங்கினேன். அடாப்டரிலிருந்து கட்டுப்பாட்டுப் பலகை, அதில் தானியங்கிச் சுவிட்சாக உள்ள ரிலேயிலிருந்து எல்.எம். 2596, அதில் 7.5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து விசிறி. அந்த அளவில் விசிறி தடையின்றித் தொடங்குகிறது. மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் சத்தம் கேட்பதில்லை. வெப்பம் 26-ஐத் தொட்டால் ஓடவும், 23-க்கு இறங்கினால் நிற்கவும் அமைத்தேன். முதல் நாள் இரவு முழுக்க விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த பலகை, குளிர்ந்தால் இயங்கும் சூடேற்றி அமைப்பில் இருந்திருக்கிறது. அமைப்புப் பட்டியலின் முதல் இடத்தில் ‘எச்’ என்றிருந்ததை ‘சி’ என்று மாற்றியதும் சரியானது. இப்போது டிவியை அணைத்துக் கதவை மூடிய பிறகும் இருபது நிமிடம் போல ஓடிவிட்டுத் தானாக நிற்கிறது.

கடைசியாகச் செய்ததை முதலில் செய்திருக்க வேண்டும். டிவி வாங்கிய நாளிலிருந்து பின்னொளி 100-இல் இருந்தது. கடையில் பளிச்சென்று காட்டுவதற்கு வைத்த அமைப்பு அப்படியே தொடர்ந்திருக்கிறது. அதை 60-ஆக்கினேன். வாட் மீட்டரில் 86-லிருந்து 58-க்கு இறங்கியது. எங்கள் கூடத்தில், திரை போட்ட மாலை வெளிச்சத்தில், கண்ணுக்கு அதுவே இதமாக இருக்கிறது. வித்தியாசம் 10. அறையில் 17 அல்லது 18 இருக்கும் மாலையில் உள்ளே 27, 28. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு. அந்தக் கணக்கில் எனக்கு நிறையவே லாபம்.

ஈரத்தின் பக்கம் மட்டும் நான் முழு வெற்றி பெறவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானியை நவம்பர் மழையில் அலமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் ஈரப்பதம் 88 விழுக்காடு. பழைய மூடிய பெட்டியில், பல்பின் சூட்டில், அது எழுபதுகளில்தான் இருந்திருக்கும். தரை வெட்டுக்கு இழுத்து மூடும் பலகை ஒன்றைப் பொருத்தி இரவில் மூடினேன். நான்காம் நாள் திறக்க மறந்து டிவியைப் போட்டுவிட்டோம், 39 வரை போய்விட்டது. அந்தப் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டேன். தொடர்மழை நாட்களில் யாரும் பார்க்காவிட்டாலும் காலையில் ஒரு மணி நேரம் டிவியை ஓடவிடுகிறேன். அதன் சொந்தச் சூடே அதை உலர்த்திவிடுகிறது. வெப்பம் 26-ஐத் தொடாமல் விசிறி ஓடத் தொடங்காது என்பதால் விடிகாலை மூடுபனியை அது உள்ளே இழுப்பதும் இல்லை. பூஞ்சணம் இருந்த இடத்தில் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், இதுவரை திரும்பி வரவில்லை.

ஆசாரிக்கு ஒன்றரை நாள் கூலி 1,800. ரீப்பர், கம்பிவலை, ஸ்க்ரூ, பிளைவுட் துண்டுகள் எல்லாம் சேர்த்து 410. முன்னே சொன்னவற்றையும் கூட்டினால் 4,030 ரூபாய். இதில் ஹோல் சாவின் 280-உம் சின்ன விசிறியின் 180-உம் என் அவசரத்துக்குக் கட்டிய தண்டம். பல்பைக் கழற்றி, வெளிச்சத்தைக் குறைத்து, செட்டாப் பாக்ஸைக் கீழே வைத்து, ஸ்டெபிலைசரை எடுத்துவிடுவதற்கு ஒரு ரூபாயும் ஆகாது. மறுபடியும் செய்வதானால் முதல் நாளே அதைச் செய்து, ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பேன். புதிதாக அலமாரி செய்வதானால் டிவி அறையை 120 சென்டிமீட்டர் அகலத்திலும் 45 ஆழத்திலும் கேட்பேன். அந்தச் சுவர்ப் பள்ளத்தில் அது அடங்காது என்றால் வேறு சுவரைப் பார்ப்பேன். முதுகுப் பிளைவுட்டே போடச் சொல்ல மாட்டேன், குறுக்குச் சட்டங்கள் மட்டும் போதும். கதவு வேண்டும் என்று வீட்டில் சொன்னால் சாய்சட்டம் வைத்த கதவு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, சென்ற மாதம் ஒரு நாள் மாலை வெப்பமானி 36 காட்டியது. விசிறி ஓடும் அதிர்வு கையில் தெரிந்தது, கீழே வெட்டில் அடைப்பு இல்லை, ஊதுபத்திப் புகை மட்டும் நகர மறுத்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். விசிறிக் கூட்டின் தலையில் என் பேத்தியின் பள்ளிக்கூடக் காலுறைகள் மூன்று ஜோடி பரத்திக் காயப் போடப்பட்டிருந்தன. பத்து நாளாக வெயில் இல்லாத ஊரில், வெதுவெதுப்பான காற்று வரும் ஓர் ஓட்டையை என் மனைவி கண்டுபிடித்துவிட்டார். “அங்க வெச்சா ரெண்டு மணி நேரத்துல காஞ்சிருதுங்க,” என்றார். அது உண்மைதான், தொட்டுப் பார்த்தேன். மறுநாள் கூட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பலகை ஒன்றைக் கூரை போலச் சாய்த்து அடித்தேன், எதை வைத்தாலும் வழுக்கி விழும்படி. பலகையின் விளிம்பில் நான்கு துணிக் கிளிப்புகளையும் திருகி வைத்தேன். காலுறைகள் இப்போது அந்த விளிம்பில் தொங்குகின்றன, காற்று அவற்றுக்கு நடுவே போகிறது, வெப்பமானி நேற்று இரவு 27.